மயக்கம் தருபவர்கள் – 6: மாஸ்க்கை அழுத்தாதே, தாடையைத் தூக்கு

ஐ.சி.யூ.வில் ஓராண்டாவது வேலை பார்த்திருக்க வேண்டும், படித்து முடிப்பதற்குள் குறைந்தது 600 பேருக்கு மயக்கம் கொடுத்திருக்க வேண்டும் – அமெரிக்காவில் மயக்கவியல் படிக்கும் செவிலியர்களுக்கான இந்த விதிகளையெல்லாம் முன்பே பார்த்துவிட்டோம். இந்த வாரம் மூச்சுக்குழாயில் டியூப் போடக் கற்பதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முந்தைய படியைத் தாண்டி வர மனம் ஒப்பவில்லை.

அந்தப் படி, மாஸ்க் பிடிப்பது.

மருந்து ரத்தத்தில் கலந்த ஒரு நிமிடத்துக்குள் நோயாளியின் மூச்சு பெரும்பாலும் நின்றுவிடும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அப்போது அவருடைய மூச்சு, தலைமாட்டில் நிற்கும் மாணவியின் இரண்டு கைகளில் இருக்கிறது. இடது கை மாஸ்க்கை முகத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். வலது கை மாஸ்க்கோடு இணைந்த பையை அமுக்கிக் காற்றை உள்ளே அனுப்ப வேண்டும்.

காற்று கசிகிறதே என்று பதறும் புதியவர்கள் மாஸ்க்கை முகத்தின் மேல் அழுத்துவார்கள். அழுத்த அழுத்தத் தாடை கீழே இறங்கும், கூடவே நாக்கும் இறங்கும், அடைப்பு இன்னும் இறுகும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைக் கொக்கிபோல் பற்றி முகத்தையே மாஸ்க்குக்குள் தூக்கிக்கொண்டு வர வேண்டும். விரல் எலும்பில்தான் பதிய வேண்டும். அடியில் இருக்கும் மென்சதையில் பதிந்தால், நாக்கை மேலே தள்ளி வழியை அடைப்பது அந்த விரலாகவே இருக்கும். மணிக்கட்டு நோகும், விரல் மரத்துப்போகும். பயிற்றுநர் தன் கையை மாணவியின் கை மேல் வைத்துத் தூக்கிக் காட்டுவதுதான் இதற்குப் பாடம். புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் இது வராது.

பயிற்சி பொம்மையில் பழகியவர்களுக்கு மனித முகம் புதிது. தாடி இருந்தால் காற்று கசியும். பல் இல்லாதவருக்குக் கன்னம் உள்ளே விழும். குறட்டை விடுபவரின் தொண்டை சட்டென்று மூடிக்கொள்ளும். பையைப் பலமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போகும். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சு உயர்கிறதா, மானிட்டரில் கார்பன் டை ஆக்சைடு அலை எழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அமுக்க வேண்டும்.

மானிட்டர் என்று எழுதியதும் ஆலிஸ் மகாவ் நினைவுக்கு வந்துவிட்டார். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தவர் அவர்தான். மின்னசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்களிடம் 1893-இல் மயக்கம் கொடுக்கத் தொடங்கிய செவிலியர். அவருக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் ஈடித் கிரஹாம். அவர் அதே ஆண்டில் சார்லஸ் மேயோவைத் திருமணம் செய்துகொண்டார். அந்தக் காலத்தில் பல மருத்துவமனைகளில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுக்கும் பொறுப்பு பயிற்சி டாக்டர்களிடம் இருந்தது. அவர்களுடைய கண்ணோ அறுவையின் மேலேயே இருந்தது. நோயாளியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும் என்பது மேயோ சகோதரர்கள் செவிலியர்களையே வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம்.

மகாவிடம் இருந்தவை துணி போர்த்திய கம்பி மாஸ்க் ஒன்று, ஈதர் புட்டி ஒன்று. சொட்டுச் சொட்டாக விடுவார். விட்டபடியே நோயாளியோடு பேசிக்கொண்டிருப்பார். நம்பிக்கையோடு தூங்கப் போகிறவருக்கு ஈதர் குறைவாகவே போதும் என்பது அவர் கண்டது. மூச்சின் சத்தம், தோலின் நிறம், நாடி, கண்மணி – இவையே அவருக்கு மானிட்டர். 1906-இல் 14,000-க்கும் மேற்பட்ட மயக்கங்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். மயக்கத்தை நேரடிக் காரணமாகக் கொண்ட மரணம் அவற்றில் ஒன்றுகூட இல்லை! ஈதரும் குளோரோஃபாமும் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. சார்லஸ் மேயோ அவரை 'மயக்கவியலின் தாய்' என்று அழைத்தார். அந்தப் பட்டம் முழுக்கத் தகும்.

இன்றைய மாணவிக்கு மகாவிடம் இல்லாத அவகாசம் ஒன்று இருக்கிறது. தூங்கவைக்கும் முன் மூன்று நிமிடம் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தால், ஆரோக்கியமான ஒருவர் மூச்சே இல்லாமல் சுமார் 8 நிமிடம் தாங்குவார். சாதாரணக் காற்றைச் சுவாசித்தவருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அந்த நிமிடங்களை நம்பித்தான் பயிற்றுநர் மாணவியின் கையில் மாஸ்க்கைக் கொடுக்கிறார். உடல் பருமனானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த அவகாசம் வெகுவாகக் குறையும்.

நம் ஊரில் மயக்கம் கொடுப்பவர் டாக்டர். யார் கொடுத்தாலும் முகமும் தாடையும் ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், ஆடும் பல், பல்செட், குறட்டை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எதையும் அவரிடம் மறைக்காதீர்கள்.

டியூப் அடுத்த வாரம்.