சமூகத் திறன் வகுப்பு எப்படி இயங்குகிறது?

தோசை வார்க்க யாரும் பாடம் நடத்துவதில்லை. அம்மா வார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறோம். பிறகு கரண்டி நம் கைக்கு வருகிறது. ‘கல் காயட்டும், பொறு’ என்று திருத்துகிறார். அப்புறம் வேறு வீட்டு அடுப்பில், வேறு கல்லில் நாமே வார்க்கிறோம். அமெரிக்க மாற்றுப் பள்ளிகள் பலவற்றில் கையாளப்படும் ‘ஸ்கில்ஸ்ட்ரீமிங்’ முறையும் இதே நான்கு படிகளில் நடக்கிறது: செய்துகாட்டல், நடித்துப் பழகல், கருத்துக் கேட்டல், வெளியே கொண்டுபோதல்.

அடிதடி, இடைநீக்கம் என்று வழக்கமான பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் இந்த மாற்றுப் பள்ளிகளில் நிறையப் பேர். ‘ஒழுங்காக நட’ என்று ஆயிரம் முறை கேட்டவர்கள். எப்படி என்று யாரும் செய்துகாட்டியிருக்க மாட்டார்கள். இந்தக் குறையைக் குணக்கேடாகப் பார்க்காமல், கற்காமல் விடுபட்ட திறனாகப் பார்த்தார் உளவியலாளர் ஆர்னால்ட் கோல்ட்ஸ்டீன். அவரும் சகாக்களும் 1980-இல் வளரிளம் பருவத்தினருக்காக வெளியிட்ட நூலில் 50 திறன்கள் உண்டு: உதவி கேட்பது, கேலியைச் சமாளிப்பது, சண்டையிலிருந்து விலகுவது என்று.

அவற்றில் தன்னடக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் நடித்துக்காட்டும்போது மனதுக்குள் ஓடுவதையும் வாய்விட்டுச் சொல்கிறார்: “காது சூடாகுது, கை இறுகுது. என் நோட்டைத் தட்டிவிட்டான், அதான். மூச்சை இழுத்து விடலாம், இல்லை எழுந்து போயிடலாம். சரி, எழுந்து போறேன்.” கல்லின் சூடு கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் தெளித்தால்தான் தெரியும். இந்த வாய்விட்ட யோசனைதான் அந்தத் தண்ணீர்.

அடுத்து மாணவர் தனக்கு நேர்ந்த ஒன்றையே நடிக்கிறார். எதிரே நடிப்பவரையும் அவரே தேர்ந்தெடுக்கலாம். பார்ப்பவர்கள் அந்தத் திறனின் படிகளில் ஆளுக்கொன்றைக் கவனிக்கிறார்கள். கருத்துச் சொல்வதிலும் வரிசை உண்டு: முதலில் எதிரே நடித்தவர், பிறகு பார்த்தவர்கள், வகுப்பை நடத்துபவர்கள், கடைசியில் நடித்த மாணவர்.

கடினமானது நான்காவது படி. அம்மாவின் கல்லில் முறுகலாக வந்த தோசை வேறு கல்லில் ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் நிதானமாக எழுந்து போனவன் பள்ளிப் பேருந்தில் கை ஓங்குவதும் அப்படித்தான். அதனால்தான் நாற்காலிகளைப் பேருந்து இருக்கை போலப் போட்டுப் பழக்குகிறார்கள், எதிராளியை மாற்றி மாற்றி நடிக்க வைக்கிறார்கள். ‘எங்கே, யாரிடம் செய்து பார்ப்பாய்?’ என்று வீட்டுப்பாடம் தந்து, என்ன நடந்தது என்று அடுத்த வகுப்பில் கேட்கிறார்கள்.

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்காத வகுப்பு வெறும் நாடக ஒத்திகை என்றே நினைக்கிறேன். மாணவர் பழைய பள்ளிக்குத் திரும்பும் முன்பே, அங்குள்ள ஆசிரியர்களுக்கும் அவர் பழகிய படிகள் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால், அவர் சண்டையைத் தவிர்க்க எழுந்து போவதே கீழ்ப்படியாமை என்று பதிவாகிவிடும்.