சுவர்தான் கோச்

2022 ஏப்ரல் 28. மலப்புரம் மாவட்டம் மஞ்சேரியில் உள்ள பையநாடு ஸ்டேடியம். சந்தோஷ் டிராபி அரையிறுதியில் கர்நாடகத்திடம் ஒரு கோல் பின்தங்கி நிற்கிறது கேரளம். அரைமணி நேரம் ஆனதும் மாற்று ஆட்டக்காரராக ஓர் இளைஞர் களமிறக்கப்படுகிறார். இடைவேளைக்குள் மூன்று கோல். ஆட்டம் முடிவதற்குள் ஐந்து. 7-3 என்று ஜெயித்த கேரளம், நான்கு நாள் கழித்து மேற்கு வங்கத்தைப் பெனால்டியில் வீழ்த்தி ஏழாவது முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. அந்த இளைஞர் டி.கே. ஜெசின். நிலம்பூர்க்காரர்; ஆட்டோ டிரைவரின் மகன்; மம்பாடு எம்.இ.எஸ். கல்லூரி மாணவர்.

இதில் கடைசி அடையாளம்தான் முக்கியம். மலபாரில் காசில்லாத வீட்டுப் பையனுக்குக் கல்லூரி அணி என்பது வெறும் ஜெர்சி அல்ல. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு சீட், அதன் வழியே ஒரு பட்டம், பிறகு பல்கலைக்கழக அணி. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அசுதோஷ் முகர்ஜி கோப்பையைக் கோழிக்கோடு பல்கலைக்கழகம் பலமுறை வென்றிருக்கிறது. அங்கே கண்ணில் பட்டால் போலீஸ், மின்வாரியம் போன்ற துறை அணிகளில் வேலை கிடைக்க வாய்ப்புண்டு. அந்தக் கதவுகளும் குறைந்து வருகின்றன. நல்ல அணி வைத்திருந்த ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017இல் ஸ்டேட் வங்கியோடு இணைந்து மறைந்துவிட்டது.

திருச்சூர் ஸ்டேடியத்தில் பாட்டில் பத்துக் காசுக்கு சோடா விற்ற ஐ.எம். விஜயன், கல்லூரி வாசலை மிதிக்காமலே கேரள போலீஸ் அணிக்குப் போய் இந்தியாவின் கேப்டனானார். 2025இல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் ஊருக்கு ஒரு விஜயன் பிறப்பதில்லை. மற்றவர்களுக்குக் கல்லூரித் தேர்வு நாள்தான் வழி.

அகாடமிக்குக் கட்டப் பணம் இல்லாதவர்களுக்கு அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். மேடும் பள்ளமுமான தரையில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது. அதை அடக்கப் பழகிய கால், புல்தரையில் தடுமாறாது. அடுத்த படி செவன்ஸ். அணிக்கு ஏழு பேர், சிறிய களம், இரவு விளக்கு, தற்காலிக கேலரி நிரம்பிய கூட்டம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆடும் வீரர்கள். மலபாரின் தெருப் பல்கலைக்கழகம் இது. தோளால் இடிக்கும் ஆளைத் தாண்டி உதைக்கக் கற்றுத் தருகிறது. கையில் காசும் தருகிறது.

சிக்கலும் அங்கேதான். செவன்ஸில் ஜொலித்த பையன், பதினொரு பேர் ஆட்டத்தில் மூச்சு வாங்குவது அடிக்கடி நடக்கிற கதை. நூறு மீட்டர் நீளக் களம், 90 நிமிடம், ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் ஓட்டம். அதில் பெரும்பகுதி பந்து காலில் இல்லாத ஓட்டம். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை வயல் சொல்லித் தருவதில்லை. இரவு இரவாக ஆடி முழங்காலைக் கெடுத்துக்கொண்டால் சீட்டும் போச்சு, செவன்ஸும் போச்சு.

கோச் இல்லாதவனுக்குப் பெரிய துணை சுவர். ஐந்தாம் நம்பர் பந்து, 68 முதல் 70 செ.மீ. சுற்றளவு, சரியான காற்று. சுவரில் உதைத்துத் திரும்பும் பந்தை இடது காலால் அடக்கி, மறுபடி இடது காலாலேயே அனுப்ப வேண்டும். நூறு முறை. அலுப்பான வேலைதான், பெரும்பாலோர் வலது காலுக்கே ஓடிவிடுவார்கள், தேர்வாளரும் அதைத்தான் பார்க்கிறார். ஓட்டத்தை அளக்க டாக்டர் கூப்பர் 1968இல் சொன்ன முறை போதும்: 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம்? வாரா வாரம் குறித்து வைத்தால் பொய் சொல்ல முடியாது. காயத்தைத் தடுக்க ஃபிஃபாவின் '11 பிளஸ்' பயிற்சிக்கு 20 நிமிடமும் பந்தும் போதும். நார்வேயில் பதின்வயதுப் பெண் ஆட்டக்காரர்களிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில் காயங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. சாப்பாட்டுக்குக் கஞ்சி, முட்டை, வேர்க்கடலை, நேந்திரம்பழம் போதும்; டப்பா புரோட்டீன் பவுடர் வேண்டியதில்லை.

பூட்ஸ் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வெறுங்காலில் ஆடிப் பழகியவன் தேர்வன்று புது பூட்ஸ் மாட்டினால் அரைமணியில் கொப்புளம். மலிவான ஜோடியானாலும் ஒரு மாதம் முன்பே காலில் ஏற வேண்டும்.

இன்னொரு சங்கடம் வானிலை. செவன்ஸ் சீசன் மே மாதத்தோடு முடிகிறது. கல்லூரிச் சேர்க்கை ஜூன், ஜூலையில், கொட்டும் மழையில். வயலெல்லாம் தண்ணீர். அதிகம் பயிற்சி தேவைப்படும் அந்த வாரங்களில் மைதானமே இருக்காது. அப்போது ஓட்டம் ரோட்டோரத்தில்தான். பந்துக்குப் பள்ளிக்கூட வராந்தா, ஹெட்மாஸ்டர் அனுமதித்தால்.