பிடித்து விளையாடுகிறானா, பிறருக்காக விளையாடுகிறானா?



வழக்கமாக இந்தப் பகுதியில் நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல் என்று எழுதுவோம். இம்முறை எங்கள் வீடுகளில் தொலைக்காட்சிக்கு முன்னால் நடக்கும் ஒரு விடயத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அதுதான் வீடியோ விளையாட்டு. "கண் பழுதாகும், படிப்புக் கெடும் என்றுதானே எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்பீர்கள். அதைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது வேறு ஒன்று. நான் வைத்தியர் அல்ல. மருந்தகம் ஒன்றில் வேலை செய்பவள், 13 வயது மகனுக்குத் தாய். எங்கள் வீட்டில் நடந்ததை மகனின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன்.

வயிற்று வலியில் தொடங்கிய கதை

சென்ற ஆண்டு மாரி காலத்தில் மகனுக்குக் காலையில் வயிற்று வலி வரத் தொடங்கியது. திங்கட்கிழமைகளில் கட்டாயம் வரும். மத்தியானம் ஆனால் போய்விடும். வாய்வு என்று நினைத்து உள்ளியும் மிளகும் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தேன். பால், மா என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். குடும்ப வைத்தியரிடம் கூட்டிச் சென்றோம். இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. வைத்தியர் மகனைப் பார்த்து, "பாடசாலை எப்படிப் போகிறது? நண்பர்கள் எப்படி?" என்று கேட்டார். அவன் "ஓகே" என்றான். அந்த "ஓகே" எனக்கு வடிவாகப் படவில்லை.

அடுத்த மாதம் வங்கிக் கணக்கைப் பார்த்தபோது நான்கு மாதங்களில் 140 பவுண்கள் சிறுகச் சிறுகப் போயிருந்தன. ஒரு முறை ஏதோ வாங்குவதற்காக நான் விளையாட்டுப் பெட்டியில் பதிந்த வங்கி அட்டை அப்படியே அதில் இருந்திருக்கிறது. மகன் அதைக் கொண்டு விளையாட்டுக்குள் உடுப்பு வாங்கியிருக்கிறான். அவன் போடும் உடுப்பு அல்ல. திரையில் ஓடித் திரியும் உருவத்துக்குப் போடும் உடுப்பு!

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தேவையில்லை. பெட்டியைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு கிழமை பூட்டியே இருந்தது. வயிற்று வலி குறையவில்லை, கூடியது.

"எனக்கு அது பிடிக்கவே இல்லை"

ஒரு நாள் இரவு, விளக்கை அணைத்த பிறகு, இருட்டிலேயே அவன் கதைத்தான்.

"அம்மா, எனக்கு அந்த கேம் பிடிக்கவே இல்லை. சுடுறதும் ஓடுறதும் தலையிடிக்கும். ஆனா வகுப்பிலை எல்லாரும் இரவிலை அதுதான் விளையாடுவினம். அடுத்த நாள் அதைப் பற்றித்தான் கதைப்பினம். விளையாடாட்டி என்னைச் சேர்க்க மாட்டினம். காசு குடுத்து உடுப்பு வாங்காட்டி சிரிப்பினம்."

"அப்ப உனக்கு என்னடா பிடிக்கும்?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னா நீங்களும் சிரிப்பீங்கள்" என்றான்.

அவனுக்குப் பிடித்தது 'ஸ்டார்டியூ வலி' என்ற விளையாட்டு. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் நான்கு ஆண்டுகளுக்கு மேலாகத் தனி ஒருவராக இருந்து உருவாக்கி 2016இல் வெளியிட்டது. அலுவலக வேலையில் களைத்துப்போன ஒருவருக்கு அவருடைய தாத்தா ஒரு பாழடைந்த தோட்டத்தை விட்டுச் செல்கிறார். கல் பொறுக்கி, மண் கொத்தி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி அதைத் திருத்தி எடுக்க வேண்டும். ஒரு பருவத்துக்கு 28 நாட்கள், ஆண்டுக்கு நான்கு பருவங்கள். வகுப்பில் ஒருவன் இதைக் கண்டுவிட்டு, "பொம்பிளைப் பிள்ளைகளின்ரை கேம், தோட்டக்காரன்" என்று பட்டம் வைத்திருக்கிறான். அதன் பிறகு மகன் அதை ஒளித்துத்தான் விளையாடியிருக்கிறான்.

13 வயதுப் பிள்ளை, தனக்குப் பிடித்ததை ஒளித்து, பிடிக்காததைக் காசு கொடுத்து இரவிரவாக விளையாடியிருக்கிறான். காலையில் வயிறு வலிக்காமல் என்ன செய்யும்?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இது என் மகனின் கதை மட்டும் அல்ல. இங்கிலாந்தின் சிறுவர் ஆணையாளர் அலுவலகம் 2019 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை ஒன்றுக்காக 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளுடன் கதைத்தார்கள். காசு கொடுத்து எதுவும் வாங்காமல், இலவசமாகக் கிடைக்கும் தோற்றத்துடன் விளையாடும் பிள்ளையை 'டிஃபோல்ட்' என்று கேலி செய்கிறார்களாம். அந்தக் கேலிக்குப் பயந்து காசு செலவழிப்பதைப் பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வும் கவனிக்கத் தக்கது. ஏழு விளையாட்டுகளை விளையாடும் ஏறத்தாழ 39,000 பேரை ஆறு கிழமைகள் தொடர்ந்து கவனித்தார்கள். எத்தனை மணி நேரம் விளையாடினார்கள் என்பதை நிறுவனங்களின் பதிவுகளில் இருந்தே எடுத்தார்கள். கூட நேரம் விளையாடியதால் மனநலம் குறைந்ததாகவோ கூடியதாகவோ காண முடியவில்லை. ஆனால் ஏன் விளையாடினார்கள் என்பதில் வித்தியாசம் தெரிந்தது. தாமாக விரும்பி விளையாடியவர்களின் மனநிலை நன்றாக இருந்தது. விளையாடியே ஆக வேண்டும் என்ற உந்துதலில் விளையாடியவர்களின் மனநிலை அப்படி இருக்கவில்லை.

இது வளர்ந்தவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு. பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் பெற்றோராகிய எங்களுக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது. "எவ்வளவு நேரம் விளையாடினாய்?" என்று நாங்கள் தினமும் கேட்கிறோம். "உனக்குப் பிடித்துத்தான் விளையாடுகிறாயா?" என்று ஒரு நாளும் கேட்பதில்லை.

பத்துக்கு எத்தனை?

பிள்ளைகளை மட்டும் சொல்லி என்ன? வளர்ந்தவர்களும் ஒரு விளையாட்டையோ படத்தையோ வாங்குமுன் அதற்கு எத்தனை புள்ளி கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறோம். எங்களுக்குப் பிடித்த ஒன்றுக்குக் குறைந்த புள்ளி கிடைத்திருந்தால், "எனக்குத்தான் ரசனை இல்லையோ" என்று ஒரு குறுகுறுப்பு. அந்தப் புள்ளிகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

2010இல் அமெரிக்காவில் 'டெட்லி பிரெமொனிஷன்' என்ற, பெரியவர்களுக்கான திகில் விளையாட்டு வந்தது. விமர்சனம் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட ஓர் இடம் அதற்குப் பத்துக்கு 2 கொடுத்தது. இன்னோர் இடம் பத்துக்கு 10 கொடுத்தது. இரண்டு பேரும் ஒரே விளையாட்டைத்தான் விளையாடினார்கள்.

'அமங் அஸ்' என்ற விளையாட்டு 2018இல் வெளிவந்தபோது கவனித்தவர்கள் மிகக் குறைவு. 2020இல், கொரோனா காலத்தில், உலகமே அதை விளையாடியது. 2018இல் அதை விரும்பிய ஒரு சிலர் அன்று பிழையான ரசனை உள்ளவர்களா?

கூட்டத்தின் விருப்பம் எப்படி உருவாகிறது என்பதை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சல்கானிக், டொட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். அதிகம் அறியப்படாத இசைக் குழுக்களின் 48 பாடல்களை 14,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கேட்கக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் தாங்களாகவே தெரிவு செய்தார்கள். மற்றவர்களை எட்டுக் கூட்டங்களாகப் பிரித்து, தங்கள் கூட்டத்தில் ஒவ்வொரு பாடலையும் எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். எண்ணிக்கையைப் பார்த்தவர்கள் முன்னால் நின்ற பாடல்களின் பின்னாலேயே போனார்கள். தனியாகத் தெரிவு செய்தவர்களிடம் 26ஆம் இடத்தில் நின்ற ஒரு பாடல், ஒரு கூட்டத்தில் முதலாம் இடத்துக்கு வந்தது. இன்னொரு கூட்டத்தில் 40ஆம் இடத்துக்குப் போனது. அதே பாடல்தான்!

பாகற்காய்க் கறி எனக்குப் பிடிக்கும், என் கணவருக்கு ஆகாது. அதற்காக எங்கள் வீட்டில் யாரும் கறிக்குப் புள்ளி போட்டுச் சண்டை பிடிப்பதில்லை. நாக்குக்கு நாங்கள் கொடுக்கும் இந்த உரிமையை மனதுக்கும் கொடுக்கலாம்.

நாங்களும் அந்த 'மற்றவர்கள்'தான்

இப்போது என் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "சொன்னா நீங்களும் சிரிப்பீங்கள்" என்று மகன் ஏன் சொன்னான்? சில மாதங்களுக்கு முன்னர் அவன் அந்தத் தோட்ட விளையாட்டை விளையாடியபோது நான் சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. "இதென்ன தோட்டம் கொத்திற விளையாட்டு? செஸ் விளையாடினாலாவது மூளை வளரும். மாமாவின்ரை மகனைப் பார்." வகுப்பில் ஒருவன் சிரிக்கும் முன்னரே வீட்டில் நான் சிரித்துவிட்டேன்.

'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். பிள்ளை எந்தப் பாடம் எடுப்பது, எந்த வாத்தியம் பழகுவது என்பதெல்லாம் அந்த நாலு பேருக்காகவே நடக்கிறது. பிறகு, "கூட்டாளிமார் சொல்கிறார்கள் என்று ஏன் செய்கிறாய்? உனக்குச் சொந்தப் புத்தி இல்லையா?" என்று பிள்ளையைக் கேட்கிறோம். விளையாட்டு என்ற சின்ன விடயத்தில், "எனக்கு இது பிடிக்கும், அது பிடிக்காது" என்று சொல்லப் பழகாத பிள்ளை, நாளைக்குச் சிகரெட்டை நீட்டும் நண்பனிடம் எப்படி 'வேண்டாம்' என்று சொல்லப் போகிறது?

எது ரசனை, எது நோய்?

"அப்படியானால் பிடித்ததை விடிய விடிய விளையாட விடலாமா?" என்று கேட்டால், இல்லை. தன் ரசனையை நம்புவது வேறு, கட்டுப்பாடு இழப்பது வேறு.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டுக் கோளாறு' சேர்க்கப்பட்டு, அது 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்கிறார்கள். நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமை. மற்ற எல்லா விருப்பங்களையும் கடமைகளையும் விட விளையாட்டே முன்னால் வருதல். தீங்கு நடப்பது தெரிந்தும் தொடருதல். இவை வழக்கமாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையும் குடும்பத்தையும் கடுமையாகப் பாதித்திருக்க வேண்டும். அப்படி ஒரு நிலை தெரிந்தால் தயங்காமல் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள். இதற்கென்றே தேசிய சுகாதார சேவையின் கீழ் 2019இல் லண்டனில் ஒரு மையம் தொடங்கப்பட்டது.

வயதுக் குறியீடும் அப்படித்தான். பெட்டியில் 18 என்று போட்டிருந்தால் அது பிள்ளையின் ரசனைக்கு விடும் விடயம் அல்ல.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் இருந்து பாருங்கள். புத்தி சொல்ல வேண்டாம். "இதில் உனக்கு என்ன பிடிக்கும்?" என்று மட்டும் கேளுங்கள்.

2. விளையாடி முடித்ததும் முகத்தைப் பாருங்கள். விருப்பமாக விளையாடிய பிள்ளை அதைப் பற்றிக் கதைக்கும். பிறருக்காக விளையாடிய பிள்ளை களைத்து, எரிச்சலுடன் எழும்பும்.

3. புதிய விளையாட்டைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்கலாம், அதில் பிழை இல்லை. ஆனால் தானே ஒரு மணி நேரம் விளையாடிப் பார்த்த பிறகு முடிவு எடுக்கச் சொல்லுங்கள். "எல்லாருக்கும் பிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை" என்பதும் ஒரு முடிவுதான்.

4. வங்கி அட்டையை விளையாட்டுப் பெட்டியில் பதிந்து வைக்காதீர்கள். கடவுச்சொல் இல்லாமல் எதுவும் வாங்க முடியாதபடி செய்யுங்கள்.

5. நித்திரைக்கு முதலிடம். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேர நித்திரை வேண்டும். பிடித்த விளையாட்டுக்கும் இந்த விதி உண்டு.

6. காரணம் இல்லாத வயிற்று வலி, தலையிடி, பாடசாலைக்குப் போகத் தயக்கம் இருந்தால், வைத்தியரிடம் காட்டுவதோடு நின்றுவிடாமல் நண்பர்களைப் பற்றியும் மெதுவாகக் கேளுங்கள்.

இப்போது எப்படி?

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரவு விளையாட்டில் சேராமல் விட்டதும் சிலர் அவனை விட்டு விலகினார்கள். சில கிழமைகள் அவன் தனியாகத்தான் சாப்பிட்டான். அது எனக்கும் நொந்தது. பிறகு வகுப்பில் இன்னொரு பையன், தானும் அந்தத் தோட்ட விளையாட்டை ஒளித்து விளையாடுவதாக மெல்லச் சொல்லியிருக்கிறான். இப்போது சனிக்கிழமைகளில், தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, இருவரும் சேர்ந்து ஒரே தோட்டத்தைச் செய்கிறார்கள். மகன் மற்ற விளையாட்டையும் இடைக்கிடை விளையாடுகிறான், தனக்கு விருப்பம் வந்தால். வயிற்று வலி அருமையாகத்தான் வருகிறது.

போன மாதம் அவனுடைய அப்பப்பா பின்னால் நின்று திரையைப் பார்த்துக் கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் துலா மிதித்து வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தவர். "மழை பெய்யுது, பிறகேன்ரா தண்ணி விடுறாய்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இதிலை வெங்காயம் நடேலாதோ?" என்று கேட்டார். "காட்டிலை வெங்காயத்தாள்தான் முளைக்கும் அப்பப்பா, நடேலாது" என்றான் மகன். "அப்ப என்ன தோட்டம்!" என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். அன்று இருவரும் ஒரு பருவம் முழுக்கச் செய்து முடித்தார்கள்.

இன்று இரவு உங்கள் பிள்ளை விளையாடும்போது நீங்களும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். "உனக்கு இது பிடிக்குமா?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.