மஞ்சப்பையில் மாத்திரைக் கணக்கு

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை நடத்தும் நகர்ப்புற சுகாதார மையத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை இலவசம். வாங்கிச் செல்லும் முதியவரின் மருந்துக் கணக்கு அதோடு முடிந்தால் நல்லது. பல வீடுகளில் முடிவதில்லை. மூட்டுவலிக்குத் தனியார் டாக்டர் எழுதியது, சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் ‘எனக்குக் கேட்டுச்சு’ என்று கொடுத்தது எல்லாம் ஒரே டப்பாவில் சேர்கின்றன. அத்தனையையும் ஒருசேரப் பார்த்த டாக்டர் எவருமில்லை.

பெரியவர்கள் மாத்திரையை மறந்துவிடுகிறார்கள் என்றுதான் எப்போதும் குறைப்படுகிறோம். தேவைக்கு மேல் விழுங்குவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை.

வீட்டிலுள்ள மருந்து முழுவதையும் அள்ளிவந்து டாக்டர் மேசையில் கொட்டும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அங்கே பழுப்புக் காகிதப்பை. நமக்கு மஞ்சப்பை போதும். கொட்டினால் என்ன தெரியும்? அம்லோடிபினையே எடுத்துக்கொள்வோம். அரசு மையத்தில் கொடுத்த அட்டை ஒன்று, கம்பெனிப் பெயரில் கடையில் வாங்கியது இன்னொன்று. இரண்டும் ஒரே பிரஷர் மாத்திரை என்று தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொண்டால் பாதம் வீங்கலாம். அந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு அது. வீக்கத்தைப் புது நோயாக எண்ணி வேறொரு டாக்டர் நீர் மாத்திரை எழுதுவார். இரவில் அடிக்கடி எழ வேண்டியிருக்கும், தலை சுற்றும், கழிப்பறை வாசலில் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து என நீளும் இந்தச் சங்கிலியை மருத்துவ ஆய்வாளர்கள் பவுலா ரோச்சோனும் ஜெரி கர்விட்ஸும் 1997-லேயே விவரித்துவிட்டார்கள்.

வயதாக ஆக உடம்பும் மாறுகிறது. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றுவது மெதுவாகிறது. நீர் குறைந்து கொழுப்பின் பங்கு கூடுகிறது. கொழுப்பில் தங்கும் டயசிபாம், இளைஞர் உடம்பைவிட முதியவர் உடம்பில் வெகுநேரம் இருக்கும். ராத்திரி போட்ட தூக்க மாத்திரைக்கு மறுநாள் மதியமும் தள்ளாட்டம்! கிளைபென்கிளமைடு என்ற பழைய சுகர் மாத்திரை 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் குறித்தது. காரணம், ரத்தச் சர்க்கரையை அது அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டியவற்றை அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் 1991-லேயே தொகுத்தார். அவர் பெயரிலான அந்தப் பட்டியல் 2023-லும் புதுப்பிக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சில பிரஷர் மருந்துகளையும் தூக்க மாத்திரைகளையும் டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மருந்தால் தொந்தரவு என்று சந்தேகம் வந்தால், 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். பக்கவிளைவுகளைப் பதிவுசெய்யும் மையம் கோரிமேட்டில் ஜிப்மரிலேயே இருக்கிறது.