ஆமணக்கு முட்புழுவும் அதன் குலமும்

ஆமணக்குக் கொல்லையில் இலைகள் அரிக்கப்பட்டிருக்கக் கண்டதும் மருந்து தெளிக்கும் கருவியைத் தேடுவது குடியானவர்களுக்கு வழக்கமாய்விட்டது. அதற்கு முன் இலையைத் திருப்பி, இருப்பது எந்தப் புழு என்று பார்த்தல் அவசியம்.

ஆமணக்கில் பெருஞ்சேதம் விளைப்பது காவடிப்புழு. அது வழவழப்பான உடலுடையது. முதுகைக் காவடிபோல் வளைத்து நடக்கும். அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்தது. முட்புழுவோ பச்சை நிறமாய், உடலெங்கும் கிளைத்த முட்களுடன் காணப்படும். அது வளர்ந்து, செம்பழுப்பு நிறமும் அலையலையான கருங்கோடுகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சியாகும்.

இவ்வண்ணத்துப்பூச்சியின் குலம் மிகப் பெரியது. உலகெங்கும் ஏறக்குறைய 6,000 வகைகள் உள்ளன; வண்ணத்துப்பூச்சிக் குடும்பங்களில் இதனினும் பெரியது வேறில்லை. தென் அமெரிக்கக் காடுகளில் நீலமாய்ப் பளபளக்கும் பூச்சியும், குளிர்காலத்தைக் கழிக்கக் கனடாவிலிருந்து மெக்ஸிகோ மலைகளுக்கு ஆயிரக்கணக்கான மைல் பறந்து செல்லும் பூச்சியும், இறக்கையை மூடினால் காய்ந்த சருகெனத் தோன்றும் மேற்குத்தொடர்ச்சி மலைப் பூச்சியும் இக்குலத்தனவே. 2019-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் இவற்றுள் ஒன்று.

இக்குலத்தை அறிய எளிய அடையாளம் கால்களே. பூச்சிக்குக் கால்கள் ஆறாயினும், இவை நான்கினால் மட்டும் நடக்கும். முன்னிரு கால்கள் குறுகி, மயிரடர்ந்து, சிறு தூரிகைபோல் மார்போடு ஒடுங்கியிருக்கும். பெண்பூச்சி அக்கால்களால் இலையைத் தட்டிச் சுவையறிந்து, தன் புழுவுக்கு ஏற்ற செடியென்று கண்ட பின்னரே முட்டையிடும். ஆதலால் பெரும்பாலான வகைகள் தமக்குரிய செடியினத்தை விட்டு விலகுவதில்லை. எருக்கிலையைத் தின்னும் வரிப்புழு நெல்லுக்கு வாராது. நெல்லிலையைத் தின்னும் கொம்புப்புழு ஆமணக்கை நாடாது. ஆமணக்கு முட்புழு அடுத்த வயலின் பருத்தியைத் தீண்டாது.

முட்புழுவும் கொம்புப்புழுவும் சாதாரணமாய்ச் சிலவாகவே காணப்படும். அவற்றைக் கையால் பொறுக்கியழித்தலே போதும். அவற்றுக்கென விஷமருந்து தெளித்தால், காவடிப்புழுவின் உடலுள் முட்டையிட்டு அதனை மாய்க்கும் சிறு குளவிகளும் மடியும். பின்பு காவடிப்புழு தடையின்றிப் பெருகும். காசு கொடுத்துச் சேதத்தை வாங்கினதாகவே அது முடியும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் பூச்சிச் சேதத்தைத் தெரிவிக்கையில், "புழு விழுந்தது" என்று மட்டும் எழுதாமல், எந்தப் பயிர், முள்ளுடலா வழவழப்பான உடலா, செடிக்கு எத்தனை புழு என்பவற்றையும் குறிப்பார்களாயின், தக்க பரிகாரம் சொல்ல ஏதுவாகும்.