மீனுக்கு இடும் தவிடும் அதிலுள்ள கொழுப்பும்

பதுளைப் பகுதித் தோட்டங்களிற் சிறு குளம் வெட்டி மீன் வளர்க்க முற்படுவோர், ஆகாரம் எவ்வளவு இடவேண்டும் என்றே முதலிற் கேட்கின்றனர். அந்த ஆகாரம் கெடாததா என்று கேட்பது அதனினும் முக்கியமாகும்.

1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், கெண்டையும் குளத்து மீன்களுட் சிறந்தவை. இவற்றின் தசை வளரப் புரதம் வேண்டும். நீந்தவும் உயிர்க்கவும் சக்தி வேண்டும். ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும். ஆகாரத்திற் கொழுப்புப் போதிய அளவு இருப்பின், விலையுயர்ந்த புரதம் சக்திக்காகச் செலவாகாமல் வளர்ச்சிக்கே பயன்படும். கொழுப்பு மிகுந்தாலோ, அது தசையாகாது வயிற்றினுள் நிணமாகப் படியும்.

லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்புக்கூறு இம்மீன்களின் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. இதனை அவை தம் உடலில் ஆக்கிக்கொள்ள மாட்டா. தேங்காய்ப் பிண்ணாக்கில் இது குறைவு. அரிசித் தவிட்டில் மிகுதி. ஆகவே பிண்ணாக்குடன் தவிட்டையும் கலந்து இடுதல் நன்று.

ஆயினும் தவிட்டின் சிறப்பே அதன் குறையுமாகும். ஆலையில் நெல்லைத் தீட்டியவுடன், தவிட்டிலுள்ள ஒரு நொதியம் அதன் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. சில நாட்களிற் சிக்கு வாடை வீசும். மழைக்காலத்து ஈரம் இக்கேட்டினை விரைவுபடுத்தும். யப்பானிற் சிக்குப் பிடித்த பட்டுப்புழுக் கூட்டுப்புழுவை உண்ட கெண்டைகள் முதுகுத் தசை மெலிந்து நலிந்தன. எண்ணெய் கெட்டதே காரணம் என்றும், உயிர்ச்சத்து ஈ அதனைத் தடுக்கும் என்றும் 1960களில் ஆராய்ந்தோர் கண்டனர்.

எனவே பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் வேண்டும்:

1. ஒரு வாரத்துக்கு வேண்டிய தவிட்டை மட்டுமே வாங்குக.

2. புதுத் தவிட்டை அன்றே வாயகன்ற சட்டியிலிட்டுக் கருகாமல் வறுத்து ஆறவிடுக. சூட்டினால் நொதியம் செயலிழக்கும். புழுங்கல் நெல்லின் தவிட்டில், அவிக்கும்போதே அது பெரிதும் அழிந்துவிடும்.

3. மூடிய பாத்திரத்தில், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைக்குக.

4. சிக்கு வாடை வீசும் தவிட்டைக் குளத்தில் இடாது எருக்குழியிற் சேர்க்குக.

5. நீர் 20 பாகை சதமத்துக்குக் கீழே குளிரும் நாட்களில் திலாப்பியா குறைவாகவே உண்ணும். அப்போது ஆகாரத்தைக் குறைத்து, வெயிலேறியபின் இடுக. எஞ்சிய ஆகாரம் அழுகினால் நீரிலுள்ள பிராணவாயு குன்றும்.

லயத்துப் பிள்ளைகளின் தட்டில் மீன் சேரவேண்டும் என்பதற்காகவே குளம் வெட்டுகின்றோம். கெட்ட தவிட்டுக்குக் கொடுத்த காசு குளத்தில் வீணாகும். நல்ல தவிட்டுக்குக் கொடுத்த காசு மீனாகித் திரும்பும்.