விராலின் மகப்பேணல்

நம் நாட்டு ஏரி, குளம், வயல்வாய்க்கால்களில் வாழும் மீன்களுள் விரால் தனிச்சிறப்புடையது. வரால் என்றும் இதனை வழங்குவர். 1793ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பிளாக் இம்மீனை அறிவியல் உலகிற்கு விவரித்தார். சன்னா ஸ்டிரையேட்டா என்பது இதன் இன்றைய அறிவியற் பெயராகும். செவுள்களுக்கு மேலுள்ள காற்றறைகளின் துணையால் இது வெளிக்காற்றையும் சுவாசிக்கிறது. ஆதலின் நீர் வற்றிய குட்டையிலும் உயிர் தாங்கி நிற்கிறது. இவ்வாற்றலினும் வியக்கத்தக்கது இது தன் மகவைப் பேணும் முறை எனலாம்.

கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகள் வெள்ளக் காலத்தில் இலட்சக்கணக்கான முட்டைகளை இட்டு அகன்றுவிடுகின்றன. எண்ணிக்கையே அவற்றின் காப்பு. விராலோ ஆயிரக்கணக்கில்தான் முட்டையிடுகிறது. அக்குறையைத் தன் காவலால் ஈடு செய்கிறது.

மழைக்காலம் தொடங்கியதும் ஆணும் பெண்ணும் இணைந்து, கரையோரத்து ஆழமற்ற நீரில் செடிகொடிகளை விலக்கி வட்டமாக இடம் அமைக்கின்றன. பெண்மீன் இடும் முட்டைகளை ஆண்மீன் நீரிலேயே கருவுறச் செய்கிறது. முட்டையினுள் எண்ணெய்த்துளி இருப்பதால் அது மூழ்காது மிதக்கிறது. வெப்பநிலைக்கேற்ப ஓரிரு நாள்களில் குஞ்சு வெளிவருகிறது. முதற்சில நாள்கள் கருவுணவே அதற்கு உணவு. பின்னர்க் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறக் கூட்டமாகத் திரிந்து, மூச்சிற்காக நீர்ப்பரப்பிற்கு வருகின்றன. பெற்றோர் மீன்கள் அடியில் நின்று காக்கின்றன. அணுகும் பகையைப் பாய்ந்து தாக்குகின்றன.

இக்காவலே அவற்றுக்கு இடராகவும் முடிகிறது என்பது வருந்தத்தக்கது. செந்நிறக் குஞ்சுக்கூட்டத்தைக் கண்டோர், அடியில் பெரிய விரால் உண்டெனத் தெளிந்து தூண்டிலோ ஈட்டியோ வீசுகின்றனர். குஞ்சைவிட்டு நீங்காத மீன் எளிதில் அகப்படுகிறது. காவல் இழந்த குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. அயிரையை இட்டு விராலைப் பிடிப்பது ஊதியம் என்பது நம் முன்னோர் கணக்கு. ஈண்டோ ஒரு விராலுக்காக ஒரு தலைமுறை விரால்களையே நாம் இழக்கிறோம்.

1957ஆம் ஆண்டில் ஹிராலால் சௌத்ரி ஒடிசாவில் கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றைச் செலுத்தி முட்டையிடச் செய்தார். அத்தூண்டல் முறை பின்னர் விராலுக்கும் பயன்பட்டது. எனினும் ஊர்க்குளங்களில் செலவின்றி விரால் பெருக்கித் தருவது பெற்றோர் மீனின் காவலேயாகும். குஞ்சுடன் திரியும் விராலைப் பிடியாது விடுதல் நம்மால் இயலும் எளிய அறம். அதனை இளைஞர்க்கு உணர்த்துவோமாக!